இருபத்திரண்டாவது தட்டு

பெருந்துறை,
14.11.2024

அன்புள்ள நங்கைக்கு,

மோகனப்பிரியா எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீங்க என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடுதாசி எழுதுவார்களா என்று சிரிப்பீங்க. அண்ணன் மனைவியை நங்கை என்று மரியாதையாகக் கூப்பிடுகிற நாத்தனார்தான் நான். ஆனால் நாம் போனில் பேசினால் என்ன ஆகிறது என்று போன திங்கட்கிழமை பார்த்தோமே. ரெண்டாவது நிமிஷத்திலேயே ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடைசியில் அண்ணன்தான் போனைப் பிடுங்கி அணைக்கிறார். எழுதினால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க குறுக்கே பேச முடியாது. வியாழக்கிழமைதோறும் அண்ணன் இங்கே சிப்காட்டுக்கு மெஷின் சர்வீஸ் பார்க்க வருகிறாரே, அவர் கையிலேயே கொடுத்து விடுகிறேன். பிரித்துப் படிக்க மாட்டார். அவருக்குப் பயம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என் மகள் கனிஷ்காவின் நிச்சயத்தில் உப்பும் சர்க்கரையும் மாற்றி முடித்துவிட்டு எல்லோரும் பலகாரம் சாப்பிட உட்கார்ந்தோம். மாப்பிள்ளை ஸ்ரீனிவாஸின் அம்மா ராமாமணி ஒரு கச்சாயத்தைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "இத்தனை மெத்துனு இருக்குதே, யாருங்க சுட்டது?" என்று கேட்டார். கனிஷ்கா உங்களைக் காட்டி, "எங்க அத்தைங்க" என்றாள்.

அரிசி ஊற வைத்தது நான். ஆட்டியது நான். வெல்லம் கரைத்து வடிகட்டி, மாவைப் புளிக்க வைத்து, முதுகு விட்டுப்போகிற மாதிரி அடுப்படியில் நின்று சுட்டது நான். நீங்க கொண்டு வந்தது அதைப் போட்டு வைத்த அட்டைப்பெட்டி. ரிப்பன் கட்டி, முத்து ஒட்டி, அழகான பெட்டிதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தம்மா பெட்டியைத் தின்னவில்லையே.

அவள் சின்னப் பெண், பதட்டத்தில் உளறிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். நீங்க? "இல்லைங்க, எங்க நாத்தனார் சுட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு நின்றீங்க. நான் காபித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று மட்டும் எழுதுங்க. தூக்குப்போசியில் மிச்சக் கச்சாயம் வைத்திருக்கிறேன். அண்ணனுக்கு.

மோகனா

*

சிங்காநல்லூர்,
21.11.2024

அன்புள்ள மோகனா,

உன் கடிதம் கிடைத்தது. கச்சாயமும் கிடைத்தது. "அண்ணனுக்கு" என்று குறிப்பிட்டிருந்ததால் நான் ஒன்றுகூட எடுக்கவில்லை. அவரே எல்லாவற்றையும் தின்று முடித்துவிட்டு, "எங்க மோகனா கைப்பக்குவம் இந்த ஊட்டுல யாருக்கும் வராது" என்றார். எங்கள் பையன் கவின் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் அவரைத் தவிர இருப்பது நான் ஒருத்திதான் என்பது உனக்குத் தெரியும்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்தப் பெட்டிகளை கனிஷ்காவும் நானும் உட்கார்ந்து வெட்டி ஒட்டினோம். அவள் மனதில் அதுதான் இருந்திருக்கும். திருத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. அதற்குள் ராமாமணி அம்மா மண்டபம் எது என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். சபையில் சம்பந்தியம்மாவை நிறுத்தி வைத்து, "கொஞ்சம் இருங்கள், அது நான் இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டுமா?

பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சராகவே காலம் தள்ளியவள் நான். பெட்டியை இளக்காரமாகப் பேசாதே. உன் கச்சாயத்தை ஓர் எவர்சில்வர் சட்டியில் கொட்டி வைத்திருந்தால் அந்த அம்மா கையே வைத்திருக்க மாட்டார்.

இன்னொன்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, நான் பூரணம் வைத்து ஒப்புட்டுத் தட்டி வைக்கிற ஒவ்வொரு நோம்பி நாளிலும், உன் அண்ணன் முதல் வாய் தின்றுவிட்டு உன் பெயரைத்தான் சொல்கிறார். அதைப் பற்றி நான் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஒரே ஒரு நாள் உன் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயர் வந்துவிட்டது. உனக்குப் பொறுக்கவில்லை.

போசியை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பதால் சர்க்கரை போட்டிருக்கிறேன்.

கீதா

*

பெருந்துறை,
5.12.2024

நங்கைக்கு,

சர்க்கரை வந்தது. எங்கள் வீட்டில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை.

எனக்குப் பொறுக்கவில்லைதான். ஆனால் அது நிச்சயத்தன்று ஆரம்பித்தது இல்லை. கனிஷ்கா ஆறாம் வகுப்பு முடித்து மே மாச லீவுக்கு முதல் முறையாக உங்கள் வீட்டுக்கு வந்தாளே, அன்றைக்கு ஆரம்பித்தது. திரும்பி வந்தவள் வாயைத் திறந்தால் அத்தை. அத்தை ஐஸ் குச்சியில் வீடு கட்டினாங்க, அத்தை தேங்காய்க்குப் பொட்டு வைத்துப் பொண்ணு மாப்பிள்ளை ஆக்கினாங்க, அத்தை பசை கொட்டினால் திட்டவே மாட்டாங்க. இங்கே பசை கொட்டினால் துடைக்கிறது நான். திட்டத்தான் செய்வேன்.

அந்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே "அத்தை" என்றாள். நான் உங்களை மாதிரியே குரலைத் தணித்து, "இங்கதான் இருக்கறேன் கண்ணு" என்றேன். அப்புறம்தான் தூங்கினாள். இதை அவங்க அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அண்ணன் வாயில் என் பெயர் வருகிறது என்று உங்களுக்கு எரிச்சல். அண்ணனை நீங்களே வைத்துக்கொள்ளுங்க. என் மகளை எனக்குக் கொடுங்க.

தையில் அவள் பீளமேட்டுக்குப் போய்விடுவாள். உங்கள் வீட்டுக்கு அது கூப்பிடு தூரம். எனக்கு பஸ் ஏறி வர வேண்டும். ஆபீஸ் விட்டு வரும்போது உங்கள் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போவாள். எனக்கு ராத்திரி போனில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பாள். இது எல்லாம் இப்போதே எனக்குத் தெரிகிறது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வருவது உங்கள் வீட்டு உரிமை. அதில் நான் தலையிடவில்லை. தட்டெல்லாம் உங்கள் கைவேலையாகவே இருக்கட்டும். கச்சாயத் தட்டு மட்டும் நான் வைக்கிறேன். அது மட்டும் எனக்குப் போதும்.

மோகனா

*

சிங்காநல்லூர்,
19.12.2024

அன்புள்ள மோகனா,

முடியாது. கோபித்துக்கொள்ளாமல் படி.

மாமன் சீர் என்றால் மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும். பெண்ணைப் பெற்றவளே பலகாரம் சுட்டு மாமன் வீட்டுத் தட்டில் வைத்தாள் என்றால், மாமன் மனோஜ்குமார் பொண்டாட்டிக்கு ஒரு கச்சாயம் சுடத் தெரியவில்லை என்று உங்கள் சொந்தக்காரர்கள் பந்தியிலேயே பேசுவார்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதை ஊரறிய நானே ஒப்புக்கொள்ள வேண்டுமா?

தட்டு இருபத்தொன்று. ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்பதால் இருபதில் நிறுத்தவில்லை. யார் யார் எதைத் தூக்குவது என்பதுவரை முடிவாகிவிட்டது. கச்சாயமும் நானே சுடுகிறேன். பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை எண்ணெயில் கரைந்துபோனது. அடுத்த தடவை கல்லாக வந்தது. உன் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தின்றார். அவர் உன் பெயரைச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

என் மகளைக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் அவளை உன்னிடமிருந்து எடுக்கவில்லை. அவளாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குப் பெண் பிள்ளை இல்லை. இருக்கிற பையன் ஜிம்முக்குப் போகிறான், ஒப்புட்டைக் கண்டால் நெய்யைப் பற்றிப் பேசுகிறான். நான் செய்கிற எதையும் கையில் வாங்கிப் பார்த்து, "இது எப்படி அத்தை?" என்று கேட்ட ஒரே ஜீவன் அவள்தான். எழுந்து உங்கள் அம்மாவிடம் போ என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா? உன்னிடம் வளர்ந்த பெண், உன் மூக்கு, உன் நடை. ஒவ்வொரு லீவு முடிவிலும் பையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குத்தான் பஸ் ஏறினாள். அப்போது வாசலில் நின்றவள் நான்.

பொறாமை உனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொள்ளாதே.

கீதா

*

பெருந்துறை,
23.1.2025

அன்புள்ள நங்கைக்கு,

பொங்கல் சீர் வந்தது. புடவை நன்றாக இருக்கிறது.

நீங்க எழுதியதை யோசித்துப் பார்த்தேன். நீங்க சொல்வது சரிதான். மாமன் வீட்டுச் சீரை மாமன் வீடுதான் செய்ய வேண்டும். எல்லாமே உங்கள் இஷ்டப்படி நடக்கட்டும். நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா? இனிமேல் கச்சாயத்தைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பிள்ளையார் கோயிலில் தட்டுகளை அடுக்கி வைத்து, அங்கிருந்துதானே மேளத்தோடு மண்டபத்துக்கு வருவீங்க? எந்தப் பக்கம் அடுக்குவீங்க? நான் பெண்ணுக்கு அம்மா, மண்டபத்தை விட்டு நகர முடியாது. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அன்புடன்,
மோகனா

*

சிங்காநல்லூர்,
30.1.2025

அன்புள்ள மோகனா,

நீ இவ்வளவு பணிவாக எழுதினால் பின்பக்கம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது. கோயிலில் வேப்பமரத்துப் பக்கம் அடுக்குவோம். எதற்குக் கேட்கிறாய் என்று தெரியவில்லை.

மயில் தட்டு முடிந்தது. உடம்புக்குப் பச்சைப்பயறு, கழுத்துக்கு மைசூர்ப் பருப்பு, தோகைக் கண் ஒவ்வொன்றிலும் ஒரு கிராம்பு. இதுவரை என் கையில் வந்ததில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது. கனிஷ்கா பார்த்துவிட்டு அழுதாள். உன் எரிச்சலைக் கிளப்புவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

கச்சாயம் ஒருவழியாக உருண்டையாக வருகிறது. மெத்தென்று இல்லை. ரிப்பன் கட்டிவிடுவேன்.

கீதா

*

பெருந்துறை,
13.2.2025

நங்கைக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாமன் சீரைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. மயிலை நூறு பேர் போட்டோ எடுத்தார்கள். சந்தோஷம்.

என் தட்டு எங்கே?

வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் எழுதினேன், கையைக் கட்டிக்கொள்வேன் என்று எழுதவில்லை. கச்சாயம் சுட்டு, மந்தாரை இலை பரப்பி அடுக்கி, மேலே மஞ்சள் துணி மூடி, பக்கத்து வீட்டு லாஸ்யா கையில் கொடுத்துக் கோயிலுக்கு அனுப்பினேன். வேப்பமரத்துப் பக்கம் வரிசையோடு வரிசையாக நின்றுகொள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவள் வரிசையில் நின்றிருக்கிறாள். அப்புறம் மண்டபத்துக்குள் வரும்போது பார்க்கிறேன், அவள் கையில் ஆரத்தித் தட்டு இருக்கிறது. கேட்டால், "அந்த அக்கா அதை வாங்கிட்டு, இதை எடுத்துட்டு வா கண்ணுன்னு கொடுத்துட்டாங்க" என்கிறாள்.

தாலி கட்டுகிற நேரத்தில் எனக்குக் கேட்க வாயில்லை. மேடையில் நின்று எல்லாத் தட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மஞ்சள் துணி எதிலும் இல்லை.

எங்கே போனது, நங்கை?

மோகனா

*

சிங்காநல்லூர்,
20.2.2025

மோகனா,

இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

மேளக்காரர்கள் தட்டத் தயாராகிவிட்டார்கள். கடைசியாக ஒரு முறை எண்ணினேன். இருபத்திரண்டு வந்தது. திரும்ப எண்ணினேன். இருபத்திரண்டுதான். யார் கூட்டி வைத்தது என்று துணியைத் தூக்கிப் பார்த்தேன். மந்தாரை இலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

இரட்டைப்படையில் சீர் உள்ளே போகக் கூடாது. நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஒன்றென்றால் யார் தாங்குவது? ஒன்றை எடுத்தாக வேண்டும், இல்லை இன்னொன்றைச் சேர்த்தாக வேண்டும். உன் தட்டை எடுத்து நம் காரின் பின் சீட்டில் வைத்துவிட்டு லாஸ்யா கையில் சீர்க் கணக்கில் சேராத ஆரத்தியைக் கொடுத்தேன்.

மயிலை எடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். எடுத்திருக்கலாம். என் கல் கச்சாயத்தை எடுத்திருந்தால் இன்னும் நல்லது. ஒரு வெற்றிலைத் தட்டைப் புதிதாகச் சேர்த்து இருபத்துமூன்று ஆக்கியிருக்கலாம். இதெல்லாம் எனக்கு அங்கேயே தோன்றியது. ஆனால் உன் துணியைத் தூக்கியதும் ஏலக்காய் வாசம் மூக்கில் அடித்தது பார், உடனே துணியை இழுத்து மூடினேன். இந்த வாசம் உள்ளே போனால் என் இருபத்தொரு தட்டையும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. பந்தி முடிந்து பெண்ணை அனுப்பும்போதும் கார் அங்கேதான் நின்றது. எனக்கு நினைப்பும் இருந்தது. வாய்தான் வரவில்லை.

உன் அண்ணன் மறுநாள் காரில் அதைப் பார்த்திருக்கிறார். யாருடையது என்று கேட்கக்கூட இல்லை. ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் எடுத்து எடுத்துத் தின்று தட்டைக் காலி செய்துவிட்டு, "கல்யாணக் கச்சாயம் பிரமாதம்" என்று என்னிடமே வந்து சொன்னார்.

கீதா

*

பெருந்துறை,
27.2.2025

நங்கைக்கு,

அந்தத் தட்டு உங்களோடு போட்டி போட வைத்தது என்று நினைத்தீங்க. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மாவு கரைக்கும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. புது வீட்டில் முதல் நாள் காலையில் அவள் எழுந்திருக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள், யாருடைய காபி இருக்கும், நமக்குத் தெரியாது. சீர்த் தட்டு எல்லாம் அவளோடு அங்கே போகும். ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். அதில் ஒன்றைப் பிரித்தால் அம்மா இருக்க வேண்டும் என்று வைத்தேன்.

மறுநாள் காலையில் போன் செய்தாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "ஏம்மா, நீ எனக்குன்னு எதுவுமே செஞ்சு அனுப்பலையா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் என்ன சொல்ல முடியும்? மாமன் வீட்டுச் சீரில் ஒரு தட்டு எச்சாகச் சேர்த்து வைத்தேன், உன் அத்தை எடுத்துவிட்டாள் என்றா? வேலை அதிகம் கண்ணு, முடியலை என்று சொன்னேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஒற்றைப்படை இரட்டைப்படை எனக்கும் தெரியும். அந்த இடத்தில் அது புத்திக்கு எட்டவில்லை, அது என் தப்பு. மற்றது உங்கள் தப்பு.

இனி எனக்கு எழுத வேண்டாம். போசியை வெறுமனேதான் அனுப்புகிறேன். பார்த்துக்கொள்ளுங்க.

மோகனப்பிரியா

*

சிங்காநல்லூர்,
19.6.2025

மோகனா,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். இத்தனை மாசம் எழுதவில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

கனிஷ்கா அடிக்கடி வந்து என்னோடு காபி குடிப்பாள் என்று எழுதியிருந்தாய். வரவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக வந்தாள். அவள் வண்டிச் சத்தம் கேட்டதும் கலர் காகிதம், கத்தரிக்கோல் எல்லாம் எடுத்து மேசையில் வைத்தேன். ஆவணியில் பிள்ளையார் நோம்பிக்குக் குடை செய்யலாம், ரெண்டு பேரும் ஒட்டுக்கா உட்கார்ந்து வெட்டலாம் என்று நினைத்தேன். அவள் மேசையைப் பார்க்கவே இல்லை. கையோடு கொண்டு வந்த டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

அதைத் தின்பதற்கு முன்னால் உன் தட்டைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். நான் எடுத்து வைத்ததையும், பிறகு வேண்டுமென்றே சும்மா இருந்ததையும், ஒன்று விடாமல். அவள் என்மேல் கோபப்படுவாள், கொஞ்ச நாள் பேச மாட்டாள், அது எனக்கு வேண்டியதுதான் என்று தயாராகத்தான் சொன்னேன்.

அவள் சிரித்தாள், மோகனா. "இதுக்கா ரெண்டு பேரும் பேசாம இருக்கறீங்க? விடுங்க அத்தை. அன்னைக்கு எங்க ஊட்டுல ஒரு அண்டா நிறைய அரிசெலு இருந்துச்சு. அது வந்திருந்தாலும் தின்ன ஆள் இருந்திருக்காது" என்றாள்.

எங்க ஊடு என்று அவள் சொன்னது பீளமேட்டை.

அரிசெலு என்பது அவர்கள் வீட்டுக் கச்சாயம். ராமாமணி அம்மா சுடுவது. டப்பாவில் இருந்ததும் அதுதான். "எங்க அத்தை இதைச் சுட்டு ரெண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவுல வெச்சு எண்ணெயைப் பிழிஞ்சிருவாங்க, கையில ஒட்டவே ஒட்டாது பாருங்க" என்றாள். எங்க அத்தை. அந்தச் சொல்லும் இடம் மாறிவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லாத முகம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு வயிறு எரிந்தது.

இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? உன் அண்ணனிடம் சொன்னால், "நல்லதுதானே, பொண்ணு பொருந்திப்போயிட்டா" என்கிறார். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

கீதா

*

பெருந்துறை,
3.7.2025

நங்கைக்கு,

நீங்க செய்ததை மறைக்க என் மகள் மேல் பழி போடாதீங்க. அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். தின்ன ஆள் இருந்திருக்காது என்று என் கச்சாயத்தைப் பற்றி அவள் வாயில் வராது. நான் பெற்ற பெண்ணை எனக்குத் தெரியும்.

ஆடிக்கு இங்கே வரப்போகிறாள். வந்தால் பாருங்க, முதல் வேலையாக அடுப்படிக்குத்தான் வருவாள்.

மோகனா

*

சிங்காநல்லூர்,
10.7.2025

மோகனா,

நான் சொன்னது பொய்யாக இருந்தால் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

கீதா

*

பெருந்துறை,
9.10.2025

அன்புள்ள நங்கைக்கு,

ஆடியில் நடந்ததை உடனே எழுதியிருக்க வேண்டும். எழுத முடியவில்லை. ரெண்டு தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். தீபாவளி நெருங்குகிறது, இனியும் தள்ள முடியாது.

ஆடிக்கு வந்தாள். அடுப்படிக்குத்தான் வந்தாள், அதில் நான் சொன்னது சரி. அவளுக்காகக் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று தோளில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நான் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டதும், "இரும்மா, எண்ணெயைப் பிழியணும்" என்று ரெண்டு கரண்டியை எடுத்து நடுவில் வைத்து அமுக்கினாள். "எங்க ஊட்டுல இப்படித்தான்" என்றாள். நான் வாணலியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் கவனிக்கவில்லை. அடுத்ததையும் எடுத்துப் பிழிந்தாள்.

அவள் தவழ்ந்து, பசை கொட்டி, என்னிடம் அடி வாங்கின அடுப்படியில் நின்றுகொண்டு, இன்னொரு வீட்டை எங்க ஊடு என்று சொன்னாள் நங்கை. அப்படிச் சொல்லத்தான் கட்டிக்கொடுத்தோம். நான்கூட மாமியார் வீட்டுக்கு வந்த வருஷம் எங்க அம்மாவிடம் இப்படித்தான் பேசியிருப்பேன். எல்லாம் தெரிகிறது. இருந்தும் அவள் ஊருக்குப் போன அன்றைக்கு, அவள் அமுக்கி வைத்துவிட்டுப் போன அந்தக் கச்சாயங்களை ஒன்றுகூட யாருக்கும் கொடுக்காமல் நானே உட்கார்ந்து தின்றேன். நன்றாக இருந்தது. கையில் ஒட்டவே இல்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இத்தனை வருஷமும் சிங்காநல்லூர் பக்கமே பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். நீங்க என் பக்கம் பார்த்து எரிந்தீங்க. ராமாமணியம்மா ஒருத்தரையும் பார்க்கவில்லை. அவங்க பாட்டுக்கு அடுப்பைப் பற்ற வைத்து அரிசெலு சுட்டாங்க, அவ்வளவுதான். அவங்க மேல் கோபப்படக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை. நிச்சயத்தன்று யார் சுட்டது என்று கேட்டாங்களே, அப்போதே அந்தம்மா கைகாரி என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையும் அவளும் இங்கே வருகிறார்கள். சம்பந்தியம்மா ஒரு பெரிய டின் நிறையக் கொடுத்து அனுப்பப் போகிறார்களாம். நேற்று போனில் கனிஷ்கா சொன்னாள். "நீ கஷ்டப்பட வேண்டாம்மா, பலகாரமெல்லாம் எங்க ஊட்டுல இருந்தே வந்துரும்" என்றாள். என் மேல் இருக்கிற பிரியத்தில்தான் சொன்னாள்.

நீங்க தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமையே அண்ணனோடு புறப்பட்டு வந்துவிடுங்க. ஒப்புட்டும் மயிலும் உங்கள் கை. கச்சாயம் என் கை. யார் பெயரை யார் சொன்னாலும் இந்தத் தடவை நான் அடுப்படி வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். நமக்குள் இருக்கிறது தீர்ந்துவிட்டது என்று இல்லை. அந்தத் தட்டை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் அவள் அந்த டின்னைத் திறந்து எல்லோருக்கும் நீட்டி, எங்க ஊட்டுப் பலகாரம் என்று சிரித்த முகமாகச் சொல்லும்போது நானும் சிரித்துக்கொண்டு ஒன்று எடுத்துத் தின்ன வேண்டும். இந்த வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது வெறும் பலகாரம். அது எனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கதான். என் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளுங்க.

உங்கள்,
மோகனா